திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து, இது எங்கள் வீட்டுக் கதையா என்று கேட்டுச் சண்டை பிடிக்கக் கூடாது.

என் கைபேசியில் இடம் இல்லை. கொஞ்ச நாளாகவே அது புலம்பிக்கொண்டிருந்தது. படம் எடுத்தால் எடுக்காது, செய்தி வந்தால் திறக்காது, எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்படியே நின்றுவிடும். நான் கதை எழுதுவதே கைபேசியில்தான். ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையின் கட்டைவிரலால் எழுதுகிற ஆள். அதனால் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இருக்கும் அஸ்மத்தின் கடைக்குப் போனேன். இரும்புச் சாமான் கடைக்கும் சின்ன ஓட்டலுக்கும் நடுவே, உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டிய கைபேசிக் கடை அது. அஸ்மத் என் கைபேசியை வாங்கி நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"கேச் நிறையச் சேர்ந்து போச்சு சார். கிளியர் பண்ணிட்டா சரியாயிடும் லா."

"எதுவும் போயிடாதே?"

"கேச்ல போறதுக்கு ஒண்ணும் இல்ல. வேற எங்கயோ இருக்கிறதோட நகல்தான் அது. அடிக்கடி பார்க்கிறீங்கன்னு போன் கைக்கிட்ட எடுத்து வெச்சிருக்கும். அழிச்சாலும், வேணும்னா அதுவே போய் மறுபடி கொண்டாந்துக்கும்."

(உடனே இதை மனத்தில் குறித்துக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட புத்தி உண்டு. பல் வலி என்று மருத்துவரிடம் போனாலும் அவர் சொல்வதில் ஏதாவது தேறுமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள்.)

அப்போதுதான் ஓர் அம்மா உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் திருநீறு, தோளில் துணிப்பை. கைபேசியை அஸ்மத்திடம் நீட்டினார்.

"தம்பி, இந்தப் படத்தக் கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா?"

அஸ்மத் பார்த்தார். "இது இறங்கவே இல்லையே அக்கா. மங்கலாத் தெரியறது சும்மா ஒரு சாயல். படம் இதுக்குள்ள இல்ல. வந்து ரொம்ப நாளாச்சு, இனிமே இறங்கவும் இறங்காது. அனுப்பினவங்களையே திரும்ப அனுப்பச் சொல்லுங்க."

"அது முடியாது."

"நம்பர் இருக்குல்ல? அப்புறம் என்ன? கேட்டா அனுப்பிட்டுப் போறாங்க."

"வேற வழி இருந்தாச் சொல்லுங்க தம்பி. எவ்வளவு ஆனாலும் தர்றேன்."

"ஃப்ரீயாக் கிடைக்கிறதுக்கு நான் எப்படிக்கா காசு வாங்குறது?"

அந்த அம்மா கைபேசியை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கண்டது இவ்வளவுதான். அவர் தோளுக்கு மேலாக எட்டி அந்தப் படத்தையும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மஞ்சளும் சிவப்பும், நடுவே வட்டமாக ஏதோ. இதற்கு மேல் வருவதெல்லாம் என் கற்பனை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

2

தொடங்கும் வரிகளை எழுதிப் பார்த்தேன்.

[பாக்கியலட்சுமியின் கைபேசியில் இறந்துபோன அம்மாவின் குரல் இருந்தது.]

அடித்துவிட்டேன். கைபேசியைப் பற்றி யார் எழுதினாலும் அதற்குள் செத்தவர் ஒருவரின் குரல் இருக்கிறது. வாசகர் சந்திப்புகளில் அதைப் படிக்கும்போது முன்வரிசையில் யாராவது கண்ணைத் துடைப்பார்கள். பிறகு பிரியாணி சாப்பிடப் போவார்கள்.

[நினைவுகள் என்பவை]

இதை முடிக்கக்கூட இல்லை. 'என்பவை' என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்து அறிவுரைதான் வரும்.

[பாக்கியலட்சுமி பல் துலக்குவதற்கு முன்பே அண்ணன் அனுப்பிய முருகனைப் பார்த்துவிடுவாள்.]

இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம்.

3

பாக்கியலட்சுமி பல் துலக்குவதற்கு முன்பே அண்ணன் அனுப்பிய முருகனைப் பார்த்துவிடுவாள். எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி மாட்டி, கைபேசியைத் திறந்தால் முதலில் ரகுபதிதான். வேல் பிடித்த முருகன், மயில்மேல் முருகன், பால்வடியும் முகத்தோடு குழந்தை முருகன். கீழே ரோஜாப் பூக்கள். அதற்கும் கீழே ஜிகினா எழுத்தில் 'இனிய காலை வணக்கம்'. வெள்ளியென்றால் அம்மன், சனியென்றால் பெருமாள். தன் கையால் ஒரு வார்த்தை ரகுபதி எழுதியதில்லை.

அவளும் எழுதியதில்லை. ஆனால் ஒருநாள் தவறாமல் திறந்து பார்த்துவிடுவாள். பார்த்தால் அண்ணனின் கைபேசியில் இரண்டு நீலக் குறி விழும். அதுதான் அவள் பதில். பார்த்தேன், நன்றாக இருக்கிறேன், கோபம் இன்னும் போகவில்லை. இவ்வளவும் அந்த இரண்டு குறியில் அண்ணனுக்கு விளங்கும் என்று அவள் நம்பினாள்.

அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிறது. அவர் குவீன்ஸ்டவுனில், இவள் ஈசூனில். ரயிலேறி ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும். இந்த ஊரில் தூரம் என்று ஒன்று கிடையாது. அதனால் வராமல் இருப்பதற்கு யாரும் தூரத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. வரவில்லை என்றால் வரப் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

(எனக்கும் இந்தக் காலை வணக்கப் படங்கள் தினம் வருகின்றன. நான் ஒன்றைக்கூடத் திறப்பதில்லை. பொங்கலோ பொங்கல் என்று பானை ஆடும் படத்தை அனுப்பியவரை மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். பாக்கியலட்சுமிக்கு அவற்றை முக்கியமாக்கும்போது எனக்கே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.)

4

சண்டைக்கு ஒரு காரணம் வேண்டும்.

அம்மா இருந்த வீட்டை விற்றதில் தகராறு என்று முதலில் எழுதினேன். சிங்கப்பூரில் அண்ணன் தங்கை பேசவில்லை என்றால் நீங்களே அப்படித்தான் நினைத்துக்கொள்வீர்கள். அதனாலேயே அடித்துவிட்டேன். தவிர, சொத்துத் தகராறு என்றால் இரண்டு பக்கமும் ஒரு நியாயம் இருக்கும். பாக்கியலட்சுமிக்கு அந்த வசதியைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நடந்தது இதுதான். அவள் மகள் நிரஞ்சனா பெரியவளானபோது மண்டபம் எடுத்துச் சடங்கு செய்தார்கள். தாய்மாமன் ரகுபதி சீர் கொண்டுவந்தார். பட்டுப் பாவாடை, வளையல், பழம், பூ, எல்லாம் தட்டுத் தட்டாக. ரகுபதிக்கும் அவர் மனைவி கோமளாவுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் இருந்துதான் அந்த மண்டபத்திலேயே அழகான சீர் வந்தது. காலையிலேயே வந்து நிரஞ்சனாவுக்குத் தலை பின்னிப் பூ வைத்ததும் கோமளாதான்.

பெண்கள் ஒவ்வொருவராக ஆரத்தி எடுத்தார்கள். கோமளா குனிந்து தட்டைக் கையில் எடுத்தாள். பாக்கியலட்சுமி பக்கத்தில் வந்து அந்தத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க இருங்க அண்ணி. புள்ள பெத்தவங்க எடுக்கட்டும்."

கத்தவில்லை. வந்தவர்களிடம் காப்பி வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். வாங்கும்போது தட்டு சாய்ந்து, ஆரத்தித் தண்ணீர் கோமளாவின் விரல்களில் வழிந்தது. கோமளா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். ரகுபதி வந்தார். தங்கையைப் பார்க்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். சாப்பாடு அப்போதுதான் பரிமாற ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த இடத்தை மென்மையாக்க நான் முயலாமலில்லை. [அவள் மாமியார் சொல்லிக் கொடுத்ததால்தான்] என்று ஒரு வாக்கியம் எழுதினேன். [அலைச்சலில் வாய் தவறி] என்று இன்னொன்று. இரண்டும் பொய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வாயும் தவறவில்லை. சொல்லி முடித்த அந்த நொடியிலேயே தான் செய்தது எவ்வளவு அசிங்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஒரு வாரம் போனது, சங்கடமாக இருந்தது. ஒரு வருஷம் போனது, இனி எந்த முகத்தோடு கேட்பது என்றாகிவிட்டது. அப்புறம் கோபப்பட்டது தான்தான் என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

இந்த இடத்தில் அவள் கணவர் தனசேகரன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்றாம் வரைவு வரை அவரைச் சோபாவில் உட்கார வைத்து டீ கொடுத்துப் பார்த்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை. என் கைபேசி வேறு மறுபடி இடம் இல்லை என்கிறது. அவரை நீக்குகிறேன்.

(தனசேகரன் நீக்கப்பட்டார். கதையில் எதுவும் குறையவில்லை. இது அவருக்கும் தெரிந்திருக்கும், பாவம்.)

5

நிரஞ்சனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பத்திரிகையைக் காணொளியாகச் செய்து எல்லாருக்கும் அனுப்புவதுதான் இப்போது வழக்கம். அந்தக் காணொளி அம்மாவின் கைபேசியில் இறங்க மறுத்தது. இடம் இல்லை. ஒருநாள் சாயங்காலம் நிரஞ்சனா சோபாவில் சாய்ந்துகொண்டு, "குடுங்கம்மா, நான் கிளீன் பண்றேன்," என்று கை நீட்டினாள்.

முதலில் கேச்சை அழித்தாள். அதனால் யாருக்கும் எந்தக் கேடும் வராது, அஸ்மத் சொன்னது சரிதான். நான் இந்தக் கதையைக் கேச்சை அழிப்பதைப் பற்றி மட்டும் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் மனிதர்கள் ஒரு பொத்தானோடு நிறுத்துகிறார்களா? கொஞ்சம் இடம் கிடைத்ததும் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று பார்த்தாள். படங்களைத் திறந்தாள்.

"என்னம்மா இது, இவ்வளவு சாமி! வருஷக் கணக்கா வெச்சிருக்கீங்க?"

"இருக்கட்டுமே டி."

"இருக்கட்டும்னா எப்படிம்மா? ஸ்டோரேஜ் ஃபுல்லா இருக்கிறதே இதனாலதான். எல்லாம் ரப்பிஷ் லா."

பாக்கியலட்சுமி அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போட்டால் ஏன் என்று மகள் கேட்பாள். பேசாத அண்ணன் அனுப்பியதை எதற்கு இத்தனை வருஷம் சேர்த்து வைத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? "சரி, எடுத்துடு," என்றாள். மீனைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் காலை முருகன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கோபம் வந்தது அவளுக்கு. நிறுத்திவிட்டார் அல்லவா? நிறுத்தியவரே தொடங்கட்டும். ரகுபதியின் பெயரைத் தொடவே இல்லை. சிராங்கூன் சாலையில் சேலை எடுக்கப் போனாள், மாலைக்குச் சொல்லப் போனாள், பூசாரியைப் பார்க்கப் போனாள். காலையில் எழுந்ததும் கண்ணாடியை மாட்டிக் கைபேசியைப் பார்ப்பதை மட்டும் விட முடியவில்லை. வாரங்கள் போயின.

தாய்மாமன் மாலை போடாமல் மணமேடை ஏறலாமா என்று பூசாரி கேட்டபிறகுதான் வேறு வழியில்லாமல் அண்ணனின் பக்கத்தைத் திறந்தாள். கடைசியாக அங்கே ஒரு படம் இருந்தது. காலையில் வந்ததல்ல. நிரஞ்சனா சுத்தம் செய்த அன்றைக்கு, மத்தியானத்தில் வந்தது. கைபேசியில் இடமில்லாமல் இறங்காமலே நின்றுவிட்ட படம். மஞ்சளும் சிவப்பும், நடுவே வட்டமாக ஏதோ. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி. கைபேசி ஓயாமல் போடும் அறிவிப்புகளில் ஒன்று என்று அதை அவள் படிக்கவில்லை. படத்தைத் தொட்டாள்.

இந்தப் படம் இப்போது கிடைக்காது, அனுப்பியவரைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தது.

முதல் வாரத்திலேயே தொட்டிருந்தால் இறங்கியிருக்கும். வீம்பு பிடித்துத் தொடாமல் இருந்தாள்.

6

மஞ்சளும் சிவப்பும் என்றால் மாலை. அதில் சந்தேகமில்லை. செவ்வந்தியும் ரோஜாவும் வைத்துக் கட்டிய மாலை. மாலைக்கு நடுவே இருப்பது என்ன என்பதுதான் தெரியவில்லை.

முருகனாக இருக்கலாம். வழக்கமான படம், நேரம் மாறி வந்திருக்கலாம்.

சீர்த் தட்டாக இருக்கலாம். மருமகளுக்குக் கல்யாணம் என்று யார் மூலமோ கேள்விப்பட்டு, தாய்மாமன் மாலையும் தட்டும் வாங்கித் தயாராகி, வரட்டுமா என்று கேட்காமல் கேட்டிருக்கலாம்.

அல்லது ஒரு மனித முகமாக இருக்கலாம். படத்துக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து, முன்னால் விளக்கு ஏற்றி. அப்படியென்றால் அது யார் முகம் என்று பாக்கியலட்சுமிக்குத் தெரியும். கோமளாவுக்குச் சர்க்கரை வியாதி முன்பே உண்டு.

நாம் சாமிக்கும் மாலை போடுகிறோம், கல்யாணத்துக்கும் போடுகிறோம், செத்தவர்களுக்கும் போடுகிறோம். தெளிவாகத் தெரிந்தால் வித்தியாசம் தெரியும். அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.*

* இங்கே கெட்டிக்கார வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார். சிங்கப்பூரில் சொந்த அண்ணி செத்துப்போவது தெரியாமலா இருக்கும்? இருக்காதுதான். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் ஏன் பாக்கியலட்சுமியிடம் சொல்ல வேண்டும்? ரகுபதியே அவளுக்குத் தகவல் அனுப்பிவிட்டார், அவள் பார்த்தும்விட்டாள், பார்த்தும் வரவில்லை என்று அல்லவா அவர்கள் நினைத்திருப்பார்கள். பெரியப்பா மகன் சின்னராசுவுக்குப் பத்திரிகை கொடுக்க அவள் போனபோது, அவர் அதை வாங்கிப் பிரிக்காமலே மேசைமேல் வைத்துவிட்டு, "உனக்குக் கல்லு மனசு பாக்கியம்," என்றார். பழைய ஆரத்தி விஷயத்தைத்தான் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவரிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அண்ணி உயிரோடு இருக்கிறாளா என்று ஊராரைக் கேட்கும் நிலையில் தான் இருப்பதை அவரிடம் எப்படிக் காட்டிக்கொள்வாள்?

அதனால்தான் ஜாலான் புசாருக்குப் போனாள். யாரையும் கேட்காமல் ஒரு கடைக்காரரால் அதைத் தெளிவாக்க முடியுமா என்று பார்க்க. அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும்.

7

கடையிலிருந்து திரும்பிய சாயங்காலம். நிரஞ்சனா மடிக்கணினியில் விருந்தினர் மேசைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நிரு, மாமா ஏன் படம் அனுப்பறத நிறுத்திட்டாருன்னு தெரியல."

"எந்த மாமா?"

"உனக்கு எத்தன தாய்மாமன் இருக்காங்க?"

"ஓ, அவரா. நான் பிளாக் பண்ணிட்டேன்மா. அன்னிக்குக் கிளீன் பண்ணும்போதே. இல்லாட்டி மறுபடி ஃபுல் ஆயிடும்ல? நீங்கதான் பேசறதே இல்லையே. டெய்லி ஸ்பேம்மா அது."

பாக்கியலட்சுமி அண்ணனின் பக்கத்தைத் திறந்தாள். படிக்காமல் விட்ட அந்தச் சாம்பல் நிற வரி இதைத்தான் சொல்லியிருக்கிறது.

"அவருக்குத் தெரியுமா?"

"யாரும் சொல்லமாட்டாங்க. அனுப்பினா ஒரு டிக்கோட நின்னுடும். கொஞ்ச நாள்ல அவங்களுக்கே புரிஞ்சிடும்."

"இப்ப எடுத்துவிட்டா, நடுவுல அனுப்பினதெல்லாம் வருமா?"

"வராதும்மா. போனது போனதுதான்."

"அந்தக் கடைசிப் படம். அத நீ திறந்தியா?"

நிரஞ்சனா யோசித்தாள். "சாட்டத் திறந்தேன். பிளர்ரா இருந்துச்சு. மாலை மாதிரி. இன்னொரு சாமின்னு விட்டுட்டேன்."

"அப்ப நீலக் குறி விழுந்திருக்கும்."

"ம். விழுந்திருக்கும்."

அதாவது ரகுபதி அந்தப் படத்தை அனுப்பினார். தங்கை பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி அவருக்குக் காட்டியது. அதன்பின் தங்கை கதவை அடைத்துவிட்டாள். அவர் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் கதை இப்படித்தான் தெரியும். மகளை அறையலாம் போல இருந்தது பாக்கியலட்சுமிக்கு. ஆனால் இத்தனை வருஷம் அண்ணனிடம் பேசாமல் இருந்து, அவரைப் பிளாக் பண்ணினால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று மகளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

"அது பிராட்காஸ்ட்மா," என்றாள் நிரஞ்சனா, கொஞ்சம் இறங்கிய குரலில். "எல்லாருக்கும்தான் அனுப்புவாரு. உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல."

"தெரியும்," என்றாள் பாக்கியலட்சுமி. தெரியாது. எல்லாருக்கும் போகும் என்று ஒருநாளும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு ஹால்ல நான் அந்தச் சேர்லதான்மா உக்காந்திருந்தேன். நீங்க அத்தைகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. எனக்குத் தல பின்னிவிட்ட கைமா அது. இப்ப என் கல்யாணத்துக்கு அவங்க வந்தா, ஆரத்தி எடுக்க விடுவீங்களா?"

விடுவேன் என்றுதான் பாக்கியலட்சுமி சொல்ல நினைத்தாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அந்த நொடியிலும் ஒரு நினைப்பு வந்து தொலைத்தது. அதை மகள் அவள் முகத்தில் பார்த்துவிட்டாள். மடிக்கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

(இதை எழுதியபோது எனக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது. இவளைத் திருத்திவிடலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். திருந்தியவளாக எழுதினால் வேறு யாரோ ஆகிவிடுகிறாள். அந்தப் பெண்பிள்ளை இவ்வளவு நறுக்கென்று கேட்பாளா என்றும் ஒரு சந்தேகம் உண்டு. கேட்காமல் போனால் கதையில் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் விட்டுவிட்டேன்.)

8

முடிவுகள்.

அ. படத்தில் இருந்தது சீர்த் தட்டு. தங்கை கூப்பிடுகிறாள், அண்ணன் வருகிறார், மணமேடையில் மாலை போடுகிறார். கோமளாவின் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்துப் பாக்கியலட்சுமி அழுகிறாள். எழுதுவது சுலபம், அனுப்பினால் உடனே போடுவார்கள். அடித்துவிட்டேன். ஒரு சொல்லில் ஒருத்தியைச் சுவரோரம் நிறுத்தியவளுக்கு இவ்வளவு மலிவாக மன்னிப்பா?

ஆ. வெறும் முருகன். ரகுபதி நேரம் தவறி அனுப்பிய எல்லாருக்குமான படம். இவள் உருகியதெல்லாம் வீண். இது என் குணத்துக்குப் பொருந்தும் முடிவு. ஆனால் இதில் அவள் தப்பித்துவிடுகிறாள். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விடுவாள்.

இ. கோமளா. மாலை போட்ட கோமளா. இதை முழுவதும் எழுதினேன். நன்றாகவும் வந்தது. பாக்கியலட்சுமி அந்தப் படத்தின் முன் விழுந்து

விழுந்து என்பதோடு நிறுத்திவிட்டேன். படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. இந்தக் கதையில் கோமளா இதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கிறாளா? சீர்த் தட்டைச் சுமக்க வைத்தேன், பூ வைக்கச் சொன்னேன், சுவரோரம் நிற்க வைத்தேன், சர்க்கரை வியாதி கொடுத்தேன். கடைசியில் இன்னொருத்தி மனம் திருந்தி அழ வேண்டும் என்பதற்காகக் கொன்றும் போட்டேன். தன் வீட்டு விசேஷம் நன்றாக நடக்க வேண்டும் என்று பாக்கியலட்சுமி அவளை ஒதுக்கினாள். என் கதை நன்றாக முடிய வேண்டும் என்று நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அந்த முடிவையும் அழித்துவிட்டேன். எங்கும் நகல் இல்லை.

9

பாக்கியலட்சுமி அண்ணனின் எண்ணுக்குப் போட்டிருந்த தடையை எடுத்துவிட்டாள். எதுவும் வரவில்லை. எழுத ஆரம்பித்தாள்.

[அண்ணே, அந்தப் படத்த]

அழித்தாள்.

[அண்ணே, நிருவுக்குக் கல்யாணம். நீங்களும் அண்ணியும்]

அண்ணியும் என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. அண்ணி இல்லையென்றால்? தெரிந்தே எழுதியதாக அல்லவா நினைப்பார்? அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். ரயில் மாறிக் குவீன்ஸ்டவுனில் இறங்கினாள். பழைய அடுக்குமாடி புளோக், மின்தூக்கி மெதுவாக ஏறியது. அவள் மனத்தில் ஒரு திட்டம் இருந்தது. எல்லா வீட்டு வாசலிலும் செருப்பு அலமாரி இருக்கும். அண்ணன் வீட்டு அலமாரியைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். பெண் செருப்பு இருந்தால் மணியடிக்கலாம். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடலாம். அங்கே போயும் கேட்காமல் தெரிந்துகொள்ளத்தான் பார்த்தாள்.

மின்தூக்கி திறந்தது. நடைபாதை காலியாக இருந்தது. சுவரோரம் எதையும் வைக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டி, அலமாரி, பூத்தொட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அப்புறப்படுத்தியது நான்தான். அவள் பிழைக்க அந்த ஒரு வழியை விட்டுவைக்க எனக்குப் பிடிக்கவில்லை. தான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கும் முன், அதைக் கேட்டுக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க நினைக்கிறாள். ஆள் இருந்தால் கேட்பாளாம், இல்லாவிட்டால் திரும்பிவிடுவாளாம்.

சன்னலுக்குத் திரை போட்டிருந்தது. உள்ளே தமிழ் வானொலி கேட்டது. அது யாருக்காக ஓடுகிறது என்று சொல்ல முடியாது. அவள் கதவு வரை போனாள். இரும்புக் கதவின் கம்பியைத் தொட்டாள், கையை எடுத்தாள். திரும்பினாள். மின்தூக்கி கீழே போய்விட்டிருந்தது. மறுபடி வந்து மணியை அழுத்தினாள்.

காலடிச் சத்தம் வருகிறது. ஒரே ஒரு ஆளின் சத்தம். இரண்டு பேர் இருக்கும் வீட்டிலும் கதவைத் திறக்க ஒருவர்தானே வருவார்கள்? அந்த ஒருவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

கதவு திறந்ததும் அவள் பேச வேண்டும். அந்த முதல் வாக்கியத்தை எழுத முடியாமல்தான் இந்தக் கதையை இவ்வளவு நாள் இழுத்துக்கொண்டிருக்கிறேன். எதை எழுதினாலும் அவள் வாயில் நிற்கவில்லை. படத்தைத் திரும்ப அனுப்புங்கள் என்று சொல்ல வைத்தேன், கல்யாணத்துக்கு அழைக்க வைத்தேன், என் மகள்தான் பிளாக் பண்ணினாள் என்று பழியைத் தள்ள வைத்தேன். எல்லாம் தப்பிக்கிற பேச்சு. என்னால் ஆகவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த வாக்கியம், கோமளா உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது.

சீக்கிரம். தாழ்ப்பாள் விலகுகிறது.